மானுவேல் அந்தோனியோ தேசியப் பூங்கா: பிள்ளைகளோடு போகலாமா?

போகலாம். மத்திய அமெரிக்க நாடான கோஸ்ட்டா ரிக்காவில் ஒரே ஒரு மழைக்காட்டைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, கூடவே சின்னப் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் வருகிறார்கள் என்றால், யோசிக்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம். நுழைவாயிலிலிருந்து கடற்கரை வரை ஏறக்குறைய 2 கி.மீ., அகலமான, பெரும்பாலும் சமமான பாதை. பக்கத்திலேயே சதுப்பு நிலத்தின் மேல் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். மலையேற்றம் இல்லை, முழங்கால் சேறு இல்லை. இந்தப் பாதையின் இரு பக்கமும் மரக்கிளையில் தொங்கி மெல்ல நகரும் ஸ்லாத், மூன்று வகைக் குரங்கு, நீள மூக்குள்ள ரக்கூன் இனமான கோவாட்டி, உடும்பளவு இகுவானா. முடிகிற இடத்தில் பசிபிக் கடல், வெள்ளை மணல்.

ஆனால் இங்கே போய்விட்டு "ஒரே கூட்டம், ஒன்றும் கண்ணில் படவில்லை, காசுதான் போச்சு" என்று புலம்புகிறவர்களும் நிறைய. அவர்களும் பொய் சொல்லவில்லை. 1972-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் நிலப்பகுதி ஏறக்குறைய 2,000 ஹெக்டேர்தான். அதிலும் மக்கள் நடக்கத் திறந்திருப்பது சிறு பகுதி. அந்தச் சின்ன இடத்துக்குள்தான் நாட்டிலேயே அதிகச் சுற்றுலாப் பயணிகள் வரும் பூங்காக்களில் ஒன்றின் மொத்தக் கூட்டமும் நடக்கிறது. ஆகவே பூங்கா எப்படி என்பதைவிட, எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் இருக்கும் பூங்கா ஒன்று. அதற்குப் பிறகு இருப்பது வேறொன்று. காட்டை முதலில் பாருங்கள், கடலைப் பிறகு பாருங்கள். மற்ற எல்லாத் திட்டத்தையும் இதைச் சுற்றியே போடுங்கள்.

டிக்கெட்டிலிருந்து தொடங்கலாம். பூங்கா வாசலில் டிக்கெட் விற்பதில்லை. நாட்டின் காப்புப் பகுதிகளை நிர்வகிக்கும் அரசு அமைப்பான சினாக்கின் இணையதளத்தில் மட்டுமே வாங்க வேண்டும். முதலில் கணக்குத் தொடங்கி, பூங்காவையும் தேதியையும் நுழையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் பதிந்து, அட்டையில் பணம் கட்ட வேண்டும். சமீப ஆண்டுகளில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 16 டாலர், 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 5 டாலர். 13% வரி சேர்த்தால் 18.08 டாலரும் 5.65 டாலரும் ஆகும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. இதைக் கவனிக்காமல் இரண்டே இரண்டு இரவுக்கு அறை எடுத்து, நடுவில் இருக்கும் ஒரே நாளைச் செவ்வாயில் மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒரு நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதால் டிசம்பர் கடைசியிலும் ஈஸ்டர் வாரத்திலும் காலை நேரங்கள்தான் முதலில் தீரும். விமான டிக்கெட் உறுதியானதும் அடுத்த வேலை இதுவாக இருக்கட்டும். இந்திய வங்கி அட்டை என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அனுமதியை வங்கிச் செயலியில் முன்கூட்டியே திறந்து வையுங்கள். பாதியில் பணம் நின்றுபோனால் பெயர், எண் எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டியிருக்கும்.

கெப்போஸ் ஊரிலிருந்து பூங்காவுக்கு 7 கி.மீ. மலைச்சாலை. அதன் கடைசிப் பகுதியில் சிலர் சீருடை போன்ற சட்டையும் கழுத்தில் அட்டையுமாக நடுச்சாலையில் நின்று காரை மறிப்பார்கள். "இதற்கு மேல் வண்டி போகாது, இங்கேதான் நிறுத்த வேண்டும்" என்பார்கள். அவர்கள் பூங்கா ஊழியர்கள் அல்லர். அங்கே வண்டி நிறுத்துமிடம் எல்லாமே தனியாருடையது. நிறுத்துவதற்கு முன்பே நாள் முழுவதற்கும் எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு கெப்போஸ்–மானுவேல் அந்தோனியோ ஊர்ப் பேருந்தில் வருவது இதைவிட நிம்மதி. மலைச்சாலை நெடுக நிற்கும், கட்டணம் ஒரு டாலருக்கும் குறைவு, கடைசி நிறுத்தத்திலிருந்து வாசல் நடக்கிற தூரம்தான்.

வழிகாட்டி தேவையா? பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் தேவை. சிக்கனம் பிடிக்கலாம் என்று பலர் நினைக்கும் இடம் இது; அங்கேதான் பயணமே வீணாகிறது. மழைக்காட்டில் விலங்குகள் நம் கண்மட்டத்தில் இருப்பதில்லை. பதினைந்து, இருபது மீட்டர் உயரத்தில், இலைக்கு நடுவே, அசையாமல் இருக்கும். வழிகாட்டியின் தோளில் இருக்கும் முக்காலித் தொலைநோக்கிதான் ஒரு பழுப்பு உருண்டையை முகமும் நகமும் உள்ள உயிராக்கிக் காட்டுகிறது. தனியாக நடக்கிற குடும்பம் இரண்டு மணி நேரத்தில் இரண்டு இகுவானாவைப் பார்த்தால், அதே பாதையில் நல்ல வழிகாட்டியோடு போகிறவர்கள் பதினைந்து வகை உயிர்களைப் பார்த்துவிடுவார்கள். குழுவோடு போனால் ஆளுக்கு ஏறக்குறைய 25 முதல் 40 டாலர். தனிக் குடும்பத்துக்கு இன்னும் கூடும். பேசும்போதே நான்கைக் கேட்டுவிடுங்கள்: நுழைவுக் கட்டணம் இதில் அடங்குமா, குழுவில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், நாட்டின் சுற்றுலா நிறுவனமான ஐ.சி.டி. கொடுத்த வழிகாட்டி அட்டை இருக்கிறதா. எட்டுப் பேருக்கு மேல் என்றால் தொலைநோக்கிக்கு வரிசை நின்றே நேரம் போய்விடும், சின்னவர்கள் பொறுமை இழப்பார்கள். முக்காலியைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். கைபேசிக் கேமராவைக் கண்வில்லையில் வைத்துப் படம் எடுத்தும் தருவார்கள். விடுதியின் ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் வில்லையில் ஆவி படிந்து அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. இரவே ஏ.சி. படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

இனி, எல்லோரும் தேடி வருகிற ஸ்லாத். இதைச் சிலர் தமிழில் தேவாங்கு என்று எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு வேறு. அது குரங்குகளுக்கு உறவு, நம் கடவூர், அய்யலூர்க் காடுகளில் இருப்பது, 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். ஸ்லாத்துக்கு உறவு அமெரிக்கக் கண்டங்களின் எறும்புத்தின்னிகள் (நம் ஊர் அழுங்கு அல்ல). இந்தப் பூங்காவில் இரண்டு வகை உண்டு. முன்காலில் மூன்று நகம் உள்ளது பகலிலும் கொஞ்சம் நடமாடும்; கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, எப்போதும் சிரிப்பது போன்ற வாய். இரண்டு நகம் உள்ளது இரவாடி. வெளிர் முகம், பன்றி போன்ற மூக்கு, பகல் முழுக்கப் பந்து போலச் சுருண்டு தூங்கும். எங்கே தேடுவது? ஆமணக்கு இலையைப் பல மடங்கு பெரிதாக்கியது போன்ற இலையோடு, கிளை குறைவாக வெளிறிய தண்டுடன் நிற்கும் செக்ரோப்பியா மரங்களில். உள்ளூரில் அதற்கு குவாருமோ என்று பெயர். கிளை குறைவாக இருப்பதால் அதில் இருப்பது கீழிருந்து தெரியும். ஸ்லாத் அந்த மரத்தை மட்டுமே நம்பி வாழ்கிறது என்பது சரியல்ல. காலையில் வெயில் காய உச்சிக் கிளைக்கு வரும், ஏனென்றால் தன் உடல் வெப்பத்தை நம்மைப் போல முழுதாகக் காத்துக்கொள்ள அதனால் முடியாது. உச்சி வெயிலில் உள்ளே, நிழலுக்குள் போய்விடும். ஏழு மணி வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முடியில் பாசி வளர்வதால் ஈரக் காலத்தில் பச்சை பூத்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறை போல மலம் கழிக்கத் தரைக்கு இறங்கும். அப்படி இறங்குவதைப் பார்க்க நேர்ந்தால் பிள்ளைகளை ஐந்தாறு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அதன் வாழ்நாளில் மிக ஆபத்தான நிமிடங்கள் அவை.

குரங்கில் மூன்று வகை. வெள்ளை முகக் கபுச்சின் உங்களைத் தேடி வரும். ஊளைக்குரங்கின் குரல் விடியலில் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். பார்ப்பதற்கு முன் கேட்டுவிடுவீர்கள், பெரும்பாலும் இலை தின்றுவிட்டுச் சாய்ந்து கிடக்கும். மூன்றாவது, உள்ளூரில் தித்தி என்று கூப்பிடும் அணில் குரங்கு. சின்ன உடம்பு, ஆரஞ்சு முதுகு, கூட்டமாகக் கிளை விட்டுக் கிளை பாய்ந்து கடக்கும். இந்த இனம் உலகத்திலேயே கோஸ்ட்டா ரிக்காவின் பசிபிக் கரையின் ஒரு பகுதியிலும் பனாமாவின் மேற்கு மூலையிலும் மட்டும்தான் இருக்கிறது. காடு துண்டுபட்டதால் அருகிப்போனது. கெப்போஸ் சாலையில் மேலே பார்த்தால் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருப்பது தெரியும்; மின்கம்பியில் கால் வைக்காமல் இவை சாலையைக் கடக்கக் கட்டிய பாலங்கள் அவை. கிட்ஸ் சேவிங் த ரெயின்ஃபாரஸ்ட் என்ற அமைப்பு இந்த வேலையில் முன்னணியில் இருக்கிறது. 1999-ல் இந்த ஊரின் இரண்டு ஒன்பது வயதுச் சிறுமிகள் தொடங்கியது அது. கெப்போஸுக்கு வெளியே இருக்கும் அவர்களின் மீட்பு மையத்துக்கு முன்பதிவு செய்து போகலாம். பூங்காவுக்கு அடுத்து பிள்ளைகள் மனதில் நிற்கக்கூடிய இடம் இதுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் விதி கடுமை. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சிப்ஸ், பிஸ்கட், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகாது. திரும்ப நிரப்பும் தண்ணீர்ப் பாட்டில் போகும். கைக்குழந்தைக்கான உணவு என்றால் ஒளிக்காமல் எடுத்துக் காட்டிக் கேளுங்கள். இதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். பயணிகள் போட்ட தீனியில் வளர்ந்த கபுச்சின்களும் ரக்கூன்களும் காட்டில் இரை தேடுவதை விட்டுவிட்டுப் பைகளைத் தேட ஆரம்பித்ததன் விளைவு இந்த விதி. ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள் அவை. கடற்கரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போய்விட்டால் பை காலி. ஒரு பெரியவர் பையோடு கரையில் இருக்க வேண்டும். குரங்கு நெருங்கினால் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது, கண்ணுக்கு நேராக முறைக்கவும் கூடாது. இரண்டையும் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். பையைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக விலகுங்கள். உள்ளே ஒரு சிற்றுண்டிக் கடை உண்டு, விலை அதிகம். வயிறாரக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வருவதே நல்லது.

பூங்காவுக்குள் குளிக்க ஏற்றது மானுவேல் அந்தோனியோ கடற்கரை. இரண்டு மேட்டு முனைகளுக்கு நடுவே பிறை போல வளைந்திருப்பதால் அலை அடங்கியிருக்கும். சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் விளையாடலாம். கழிப்பறையும் நன்னீர்க் குளியலும் பக்கத்திலேயே இருக்கின்றன. அதற்கு முதுகு காட்டிக் கிடக்கும் எஸ்பதியா சூர் நீளமானது, கூட்டம் குறைவு, அலை வலுவானது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் காடு மூடிய குன்றுதான் கத்தெத்ரால் முனை. ஒரு காலத்தில் அது தீவு. கடல் கொண்டுவந்து சேர்த்த மணல் திட்டு அதைக் கரையோடு இணைத்தது, அந்த மணல் மேல்தான் நீங்கள் நடக்கிறீர்கள். நம் பிள்ளைகளுக்குப் பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடல் மணலை நகர்த்துவதைச் சொல்லி விளக்கினால் சட்டென்று புரியும். குன்றைச் சுற்றும் பாதை 1.4 கி.மீ., படிக்கட்டுகள் அதிகம், ஒரு மணி நேரம் பிடிக்கும். ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக ஏறலாம். அதற்குக் கீழ் என்றால் தூக்கிக்கொண்டு ஏறத் தயாராக இருங்கள்.

வற்றம் உச்சத்தில் இருக்கும்போது மானுவேல் அந்தோனியோ கடற்கரையின் மேற்கு ஓரத்தில் பாறைகளை அரைவட்டமாக அடுக்கியிருப்பது வெளியே தெரியும். கொலம்பஸுக்கு முன்பு இங்கு வாழ்ந்த கெப்போவா மக்கள் கட்டிய ஆமைப் பொறி அது. ஏற்றத்தில் உள்ளே நீந்தி வந்த ஆமை, நீர் வடியும்போது சுவருக்குள் மாட்டிக்கொள்ளும். அறிவிப்புப் பலகையை நம்பாமல் அன்றைய வற்று நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டால்தான் இது கண்ணில் படும். பெரும்பாலோர் அதன் மேலேயே நீந்திவிட்டுப் போகிறார்கள் என்பது உண்மையிலேயே வருத்தம்.

கரையோரம் இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மன்சனீயோ என்ற மரம் அங்கே நிழலுக்கு நிற்கும். சின்னக் கொய்யா போலப் பச்சைக் காய் கீழே உதிர்ந்து கிடக்கும். காயும் பாலும் கடும் நஞ்சு. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரே போதும். கீழே கிடக்கும் எதையும் எடுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பூங்காவுக்கு வெளியே, பேருந்து நிற்கும் இடத்தில் இருக்கும் எஸ்பதியா பொதுக் கடற்கரை இலவசம், அழகு, அலைச்சறுக்குக் கற்க நல்ல இடம். ஆனால் அங்கே இழுப்பு நீரோட்டம் உண்டு. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் பகுதிதான் பெரும்பாலும் கடல் உள்ளே இழுக்கும் வாய்க்கால். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டிமோதாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். பிள்ளைகளை இடுப்பளவு நீருக்கு மேல் விடாதீர்கள்.

காலம் எது? டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். விலையும் கூட்டமும் உச்சத்தில். செப்டம்பர், அக்டோபர் மழை கொட்டித் தீர்க்கும், சின்னவர்களோடு வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரைதான் எங்கள் பரிந்துரை. அந்த மாதங்களில் பெரும்பாலும் காலை வெளுத்திருக்கும், மதியத்துக்கு மேல் மழை இறங்கும். சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புகிறவருக்கு நஷ்டமில்லை. முதல் மழைகளுக்குக் கறுப்பு முதுகும் செந்நிறக் காலுமாக ஹாலோவீன் நண்டுகள் பாதையெங்கும் இறங்கும். டெங்கு உள்ள நாடு. கொசு விரட்டியும் முழுக்கை மெல்லிய சட்டையும் வேண்டும்.

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து காரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். 27-ஆம் எண் சாலையும் பிறகு 34-ஆம் எண் கரையோரச் சாலையும். தார்க்கோலெஸ் பாலத்தில் நிறுத்திக் கீழே பெரிய பெரிய முதலைகளைப் பார்க்கலாம், காரில் பொருளைத் தெரியும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள். கெப்போஸ் நெருங்கும்போது இரு பக்கமும் பசுமையாக நீளும் வரிசை மரங்கள் காடு அல்ல, எண்ணெய்ப் பனைத் தோட்டம். வாழை ஏற்றுமதி நோயால் நொடித்த பிறகு வந்தது. வாடகைக் கார் இணையத்தில் நாளுக்குப் பத்து டாலர் என்று காட்டினால் மயங்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், அதை அங்கே கவுன்ட்டரில்தான் சேர்ப்பார்கள், கிரெடிட் கார்டு காப்பீடு அதற்கு ஈடாகாது. பிள்ளைகளுக்குக் கார் இருக்கையும் கட்டாயம், முன்பதிவிலேயே கேளுங்கள். ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், மதியம் இரண்டுக்குப் பிறகு தரையிறங்கினால் அன்றிரவு சான் ஹோசே பக்கமே தங்குங்கள்.

சாப்பாடு நம்மவர்களுக்குக் கஷ்டமில்லை. கசாதோ என்றால் சோறு, கறுப்பு பீன்ஸ், காய்க்கலவை, வறுத்த பழுத்த வாழைப்பழம், கூட ஒரு கறி. சைவம் என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வரக்கூடும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் வேண்டாம்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, "மான்தேக்கா" இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதில் 10% சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், மேலே வைப்பது உங்கள் விருப்பம்.

இன்னொரு நாள் இருந்தால் தாமாஸ் தீவின் அலையாத்திக் காட்டில் படகு. ஏற்றத்தைப் பொறுத்துத்தான் படகு கிளம்பும், நேரத்தை அவர்கள் சொல்வதே சரி. ஜூலை முதல் அக்டோபர் வரையும் டிசம்பர் முதல் மார்ச் வரையும் திமிங்கிலம் பார்க்கத் தெற்கே ஒரு மணி நேரத்தில் உவீத்தா.

மனித வாடையே இல்லாத காடு, பன்றி போன்ற உடலும் நீள மூக்கும் உள்ள தப்பீர், பெரும் நடை இதெல்லாம் வேண்டும் என்றால் இந்தப் பூங்கா உங்களுக்கில்லை. அதற்கு நாட்டின் தெற்கே உள்ள கொர்கொவாதோ தேசியப் பூங்கா. ஆனால் அங்கே வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், படகிலிருந்து அலைக்குள் குதித்து இறங்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அழைத்துப் போகச் சொல்ல மாட்டோம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட் குடும்பங்கள் கடைசியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதியாகி, அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதமான ஐ-797 படிவம் மட்டும் செல்லுபடியாக இருந்தால் அதை வைத்து இந்தப் பயணம் போக முடியாது. கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்புகிறவர்களுக்கு உள்ள சலுகை கோஸ்ட்டா ரிக்காவுக்கு இல்லை. திரும்பி வர புது ஸ்டாம்பிங் கேட்பார்கள். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள்.